அரை செகண்டுல பெங்களூரு

உக்காருங்க, சும்மா உக்காருங்க. இந்தப் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்குது, கோயமுத்தூர்லேர்ந்து யாருமே வரல. பையைக் குடுங்க, மேல வெக்கிறேன். என்ன அப்பிடிப் பாக்குறீங்க, ஜன்னலோரம் வேணுங்களா? வெயில் இந்தப் பக்கந்தானுங்க அடிக்குது. அங்கயே உக்காந்துக்குங்க, அதுதான் சவுரியம். பெங்களூருங்களா? நானும் பெங்களூருதான். ஏழு மணி நேரம் யாருகிட்டயும் பேசாம எப்படிப் போறதுன்னு இருந்தேன். நல்லவேளை, சேலத்துல நீங்க ஏறினீங்க.

என்னமோ சொல்ல வந்தீங்க? டிக்கெட்டா? டிடிஆர் இன்னும் இந்தப் பக்கம் வரலீங்க. வரும்போது காட்டிக்கலாம்.

என்ற பேரு குழந்தைவேலு. மில்லுல வேலை. மில்லுன்னா நூல் நூக்கிற வேலை இல்லீங்க, கம்ப்யூட்டர். எங்க முதலாளிக்கு பல்லடம், அவினாசி, உடுமலைன்னு பதினோரு எடத்துல மில்லு. ஒவ்வொரு மில்லுலயும் ஏசி ரூம்ல ஒரு சர்வர் இருக்கும். எந்த மிஷின் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எந்த ஷிப்டுக்கு யாரு வந்தாங்க, அத்தனையும் அதுக்குள்ளதான். அது நின்னா மில்லே நின்ன மாதிரி. அந்தப் பதினொண்ணையும் நான் பீளமேட்டு ஆபீஸ்ல ஒரே நாற்காலில உக்காந்துட்டுப் பாத்துக்குவேன். கறுப்பு ஸ்க்ரீன், வெள்ளை எழுத்து. இங்க தட்டினா அங்க வேலை செய்யும். நான் கடைசியா உடுமலை மில்லுக்கு நேர்ல போயி ஒம்பது வருசம் ஆகுது, ஆனா தினமும் நாலு தடவ உள்ள போயிட்டு வர்றேன்.

முந்தியெல்லாம் உள்ள போறதுன்னா ஒரு வரி முழுசா அடிக்கணுமுங்க. மிஷின் நம்பரு, நம்ம பேரு, எந்த வாசல் வழியா போறோம், சாவி எங்க இருக்குது, அத்தனையும். ஒரு புள்ளி தப்பாச்சுன்னா மறுக்கா முதல்லேர்ந்து. அங்க மேனேஜர் போன்ல கத்திட்டிருப்பாரு, இங்க நான் புள்ளி வெச்சிட்டிருப்பேன். போதும்டா சாமின்னு நாலு வருசத்துக்கு முன்னால நானே ஒண்ணு எழுதினேன். அதுக்கு ‘டக்’னு பேரு வெச்சேன். ‘டக்’னு அடிச்சு, ஒரு எடம் விட்டு, ஊர்ப் பேருல முதல் ரெண்டு எழுத்து. அவ்வளவுதான், உள்ள போயிருவோம். அரை செகண்டு. சத்தியமா, அளந்து பாத்திருக்கேன். இதைப் பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அந்த அரை செகண்டுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு கேளுங்க. மொதல்ல ரெண்டு செகண்டு ஆச்சு. ஏன்னு பாத்தா, எந்த சர்வர்க்குள்ள போனாலும் அது நம்மளை ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிடுமுங்க. வாசல்ல போர்டு வெச்ச மாதிரி, உள்ள போனதும் நாலு வரி ஓடும். ‘நல்வரவு, கடைசியா நீங்க வந்தது இத்தனை மணிக்கு.’ அதுக்குக் கீழ மில்லுக்காரங்க ஏதாவது எழுதி வெச்சிருந்தாங்கன்னா அதுவும் வரும். ‘ஞாயித்துக்கெழமை கரண்டு இருக்காது’, ‘ஆயுத பூஜைக்கு மூணு மணியோட நிறுத்துறோம்’, இந்த மாதிரி. யாருக்குங்க வேணும் அதெல்லாம்? வேலைக்குப் போறவனை வாசல்ல நிறுத்தி சந்தனம் குங்குமம் குடுத்துட்டிருந்தா ஆகுமா? எதையும் காட்டாதேன்னு ஒரே ஒரு வரி சேத்தேன். சத்தமில்லாம உள்ள போயி, வேலையை முடிச்சு, சத்தமில்லாம வெளிய வந்தர்றது. அரை செகண்டு வந்துருச்சு.

அதுல ஒரு தடவ அவினாசில ஒரு தகராறு. ‘இன்னைக்கு சர்வரை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணாதீங்க, பேட்டரி மாத்துறோம்’னு வாசல்ல எழுதி வெச்சிருந்தாங்களாமா. நான் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஒரு ஷிப்டே போச்சு. ‘எழுதி வெச்சமே சார், பாக்கலையா’ன்னு அந்த மேனேஜர் எகிறினாரு. ‘எழுதி வெச்சா ஆச்சா, போன் பண்ணிச் சொல்றதுக்கு என்ன கேடு’ன்னு நானும் எகிறினேன். நான் கேட்டது நியாயந்தானுங்களே? ஒரு ஆளுகிட்ட ஒரு விசயம் சொல்லணும்னா வாயத் தொறந்து சொல்லணும்.

இருங்க, நான் சொல்லி முடிச்சர்றேன், அப்பறம் நீங்க சொல்லுங்க.

பொண்ணைப் பாக்கத்தானுங்க போறேன். பிருந்தா. ஒரே பொண்ணு. பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருக்கா. அவ காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கறப்ப என்ற சம்சாரம் மரகதம் போயிட்டா. அதுக்கப்பறம் வீட்ல நானும் அவளும். இப்ப நான் மட்டும். நாலு ரூமு வீடுங்க. மூணு ரூம்ல லைட்டு போடறதே இல்ல.

போன பொங்கலுக்கு வந்தா. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருக்கறப்ப, ‘அப்பா, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்’னா. ஜோயல்னு ஒரு பையன், ஓசூர்க்காரன், அவளோட லேப்லயே வேலை பாக்கறான், கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம்னா. வேற ஆளுங்க, வேற மதம். நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அடிச்சுக் கேட்டாலும் நான் அப்பிடிச் சொல்ற ஆளில்ல. அப்பப் பாத்து பல்லடம் சர்வர் படுத்துருச்சு. போன் மேல போன். ‘இரு கண்ணு, இதை ஒரு நிமிசம் முடிச்சுட்டு வந்தர்றேன்’னு லேப்டாப்பைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போனேன். முடிக்கறப்ப சாயந்தரம் ஆயிருச்சு. அவ துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வாசல்ல நிக்கறா. நானும் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கல. எப்படி எடுக்கறது? அவளே கேப்பான்னு இருந்தேன். அவ ‘வர்றேன்ப்பா’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா.

அதுக்கப்பறம் போன் இல்ல. நான் ரெண்டு தடவ பண்ணினேன், எடுக்கல. சரி, வேலையா இருப்பா, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன். மூணாவது தடவ பண்ணியிருக்கலாம்கறீங்களா? பண்ணியிருக்கலாமுங்க.

ஆனா நான் அவளை விட்டுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ஒரு நாள் தவறாம அவ வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். அது எப்பிடின்னா, அவ பெங்களூரு போறப்ப உள்ளங்கை அளவுல ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் செஞ்சு குடுத்தேன். அவ போன்ல எடுக்கற போட்டோவெல்லாம் அதுவா அதுல போயி சேந்துக்கும். அது அவ வீட்ல டிவிக்குப் பொறத்தால இருக்குது. டக்குல அதையும் சேத்திருந்தேன். காலைல ஆறே முக்கால் மணிக்குக் காப்பியைக் குடிச்சுட்டு, ‘டக்’, ஒரு எடம், பிருந்தாவுக்கு ‘பி’. அரை செகண்டுல பெங்களூர்ல இருப்பேன். போட்டோவைத் தொறந்து பாக்கமாட்டேனுங்க, அது தப்பு. மிஷின் எத்தனை நாளா நிக்காம ஓடுது, சூடு எவ்வளவு இருக்குது, போட்டோ எத்தனை கூடியிருக்குது, அவ்வளவுதான் பாப்பேன். ரெண்டு போட்டோ கூடியிருந்தா, சரி, பொண்ணு நல்லா இருக்கான்னு ஆபீஸ் கெளம்பிருவேன். மிஷின் சூடா இருந்தா, ஜன்னலைத் தொறந்து வெக்க மாட்டேங்கறாளேன்னு கோவம் வரும். தனியா உக்காந்து திட்டிக்குவேன்.

ஆகஸ்ட் இருபத்தி நாலாந் தேதி போறேன், முந்தின நாள் ஒரே நாள்ல நானூத்திப் பத்து போட்டோ ஏறியிருக்குது! சந்தோசமுங்க எனக்கு. எங்கயோ டூர் போயிருக்கா, மைசூரோ கூர்க்கோ, நாலு பேரோட நல்லா சுத்தியிருக்கான்னு நெனச்சேன். உள்ள எடம் பத்தல. அன்னைக்கு ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட்டாப் போனாலும் பரவால்லைன்னு பழைய போட்டோவெல்லாம் சுருக்கி, புதுசுக்குத் தாராளமா எடம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் வெளிய வந்தேன். அப்பன்னா இதுக்குத்தானுங்களே.

அவ மட்டும் ஒரு வார்த்தை பேசல. எனக்கு அதுதானுங்க ஆத்தாமை. ஒரு வருசமா நாளும் தவறாம ஒருத்தன் உன்ற வீட்டு வாசப்படி ஏறி எறங்கறான், ஒரு வார்த்தை ‘அப்பா’ன்னு கூப்பிட உனக்கு வாய் வரலையா? அப்பிடி என்ன பண்ணிட்டேன் நான்? ராத்திரி சோத்துக்கு உக்காந்தா இதேதான் ஓடும் மண்டைல.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். வேணுங்களா? வேண்டாமா? சரி.

போன வியாழக்கெழமை ஆபீஸ்ல புது லேப்டாப் குடுத்தாங்க. காலைல வீட்ல வெச்சுத் தொறந்தேன். டக் அதுல இன்னும் ஏத்தல. மணி ஆறே முக்கால். சரி, பழைய மாதிரியே போவோம்னு அந்த நீள வரியை முழுசா அடிச்சேன். நாலு வருசமாச்சு அடிச்சு, ரெண்டு தடவ தப்பாச்சு. மூணாவது தடவ உள்ள போச்சு.

போனதும், அது என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டுச்சுங்க. நான்தான் அந்த போர்டை டக்குல மூடி வெச்சிருந்தேன். இதுல மூட யாரு இருக்கா? வரி வரியா ஓடுச்சு. ‘நல்வரவு’க்குக் கீழ ‘அப்பா’ன்னு இருந்துச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். அவ ஸ்கூல் படிக்கறப்ப எனக்கு ஷிப்டு நேரம் தாறுமாறா இருக்கும். நான் வர்றப்ப அவ தூங்கியிருப்பா, அவ போறப்ப நான் தூங்கியிருப்பேன். அதனால வீட்டுக் கம்ப்யூட்டர் வாசல்ல எனக்கு எழுதி வெச்சுட்டுப் போவா. எப்படி எழுதறதுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ‘அப்பா, நாளைக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங்’, ‘அப்பா, கணக்குல தொண்ணூத்தாறு’. நான் உள்ள போனா மொதல்ல அதுதான் தெரியும். கீழ பதில் எழுதி வெச்சுட்டுத் தூங்குவேன். என்ற பொண்ணும் நானும் ஆறு வருசம் அப்பிடித்தானுங்க பேசிக்கிட்டோம். எனக்கு அது சுத்தமா மறந்தே போச்சு. அவளுக்கு மறக்கல.

பிப்ரவரில எழுதியிருக்கா. ‘அப்பா, தினமும் ஆறே முக்காலுக்கு வந்துட்டுப் போறீங்கன்னு இதுல தெரியுது. போன்ல பேசினா அழுதுருவேன், அதான் எடுக்கல. இங்க ஒரு வார்த்தை எழுதி வெச்சுட்டுப் போங்கப்பா.’

மார்ச்சுல, ‘கடவாப் பல்லு புடுங்கினேன். வலிக்குது. சும்மா சொன்னேன்.’

மே மாசம், ‘அம்மா திதிக்கு இங்கயே படையல் வெச்சேன். வடை கல்லாட்ட வந்துருச்சு.’

ஜூன்ல, ‘ஜோயல் வீட்ல உங்களைக் கேக்கறாங்க. கோவமா இருந்தாலும் பரவால்ல, ஒரு தடவ வாங்க.’ அதுக்குக் கீழயே, ‘வீடு மாறிட்டோம். இந்த மிஷினையும் தூக்கிட்டு வந்துட்டேன். இல்லைன்னா நீங்க வழி தெரியாம நிப்பீங்க.’

அப்பறம் ஆகஸ்ட்டு. இது எனக்கு மனப்பாடமுங்க. ‘இருபத்தி மூணாந் தேதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். காலைல பதினோரு மணி. அம்மாவோட மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கறேன். உங்களுக்கு வேட்டி சட்டை எடுத்து வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. வந்து நின்னா போதும்.’

இருபத்தி மூணாந் தேதி சாயந்தரம், ‘ஒன்றரை மணி வரைக்கும் பாத்தோம்.’

நானூத்திப் பத்து போட்டோ எதுக்குன்னு இப்பத் தெரியுதுங்களா? என்ற பொண்ணு கல்யாணப் போட்டோவுக்குத்தானுங்க நான் எடம் ஒழிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவ அதைப் பாத்திருப்பா. அப்பா காலைல வந்திருக்காரு, அரை மணி நேரம் உள்ள இருந்திருக்காரு, போட்டோவையெல்லாம் ஒழுங்கு பண்ணி வெச்சிருக்காரு, ஒரு எழுத்து எழுதலன்னு பாத்திருப்பா. இருபத்தி நாலாந் தேதில இன்னும் ஒரே ஒரு வரி இருந்துச்சு. ‘சரிப்பா.’ அதோட சரி. அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல, நாலு மாசமா.

பரவால்லீங்க, கண்ணுல தூசி. துண்டு இருக்குது என்கிட்ட.

அன்னைக்கு ஆபீஸ் போகல. போனைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். பண்ணி என்னன்னு சொல்றது? ‘உன்ற கல்யாணத்தை நான் அரை செகண்டு மிச்சம் புடிக்கறதுக்காகப் பாக்காம விட்டுட்டேன்’னா? எந்தப் புள்ளை நம்பும்? நானே நம்பமாட்டேன். கடைசியா அவ வரிக்குக் கீழ எழுதினேன். ‘கண்ணு, இன்னைக்குத்தான் பாத்தேன். சத்தியமா இன்னைக்குத்தான் பாத்தேன். சனிக்கெழமை பகல் வண்டில வர்றேன்.’ வெள்ளிக்கெழமை காலைல போயிப் பாத்தேன், பதில் இல்ல. ராத்திரியும் பாத்தேன், இல்ல. டிக்கெட்டு எடுத்தாச்சு, வர்றேன்னு எழுதியாச்சு, ஏறிட்டேன்.

இதுல பாருங்க, அவ மிஷினோட நம்பர் பன்னெண்டு இலக்கமும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தெருப் பேரு தெரியாதுங்க. எந்த ஏரியான்னு கூடத் தெரியாது. பழைய வீட்டுக்கும் ஒரு தடவ கூட போனதில்ல. ஸ்டேசன்ல எறங்கி எந்தப் பக்கம் நடக்கறதுன்னு கூட எனக்குத் தெரியாது. அவ பதில் எழுதலைன்னா, அப்பிடியே பெஞ்சுல உக்காந்திருந்துட்டு அடுத்த வண்டில திரும்ப வேண்டியதுதான்.

இன்னைக்குக் காலைலேர்ந்து தொறந்து பாக்கல. பயமா இருக்குதுங்க. நிசமாத்தான் சொல்றேன், பதினோரு சர்வர் ஒண்ணா படுத்தப்பக் கூட நான் இப்பிடி பயந்ததில்ல. ஜோலார்பேட்டை தாண்டுனா சிக்னல் வரும், அப்பப் பாத்துக்கலாம்னு சாக்கு சொல்லிட்டிருந்தேன். தாண்டி எவ்வளவோ நேரமாச்சு. குப்பம் வேற போயிருச்சு.

பாத்துரட்டுங்களா? நீங்க பக்கத்துல இருக்கீங்க. பாத்தர்றேன்.

டக்கு போடலீங்க. அதை அழிச்சுட்டேன். முழுசா அடிக்கறேன், சித்த பொறுங்க. நம்பரு… புள்ளி… என்ற பேரு… வண்டி வேற ஆடுது. தப்பு. மறுக்கா. ம். போகுது.

‘நல்வரவு.’ இதெல்லாம் பழசு… பல்லு… வடை… பட்டு… ‘சரிப்பா’… இது நான் எழுதினது…

ஐயோ.

எழுதியிருக்காளுங்க! இன்னைக்குக் காலைல ஒம்பதே காலுக்கு எழுதியிருக்கா. நீங்க படிங்க, எனக்கு எழுத்து மங்குது. என்னங்க? ‘எந்த கோச்?’ அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? ‘எந்த கோச்?’ அட சாமி. ஸ்டேசனுக்கு வர்றாளுங்க. ஸ்டேசனுக்கு வர்றதுன்னாத்தானே கோச்சைக் கேப்பாங்க? ஆமாதானே? காலைல ஒம்பதே காலுக்குக் கேட்டிருக்கா, மணி இப்ப என்ன, நான் இங்க உக்காந்து பயந்துட்டு… டி ஏழு. டி ஏழுன்னு எழுதறேன். டி ஏழு, சீட்டு இருபத்தி மூணு.

என்னங்க? ஏன் கையைப் புடிக்கறீங்க? சொல்லுங்க, சொல்லுங்க.

இது டி எட்டா?

டி ஏழு அந்தப் பக்கத்துப் பெட்டியா? அப்ப இந்த இருபத்தி மூணு… உங்க சீட்டா? ஜன்னலோரம்! சேலத்துல ஏறினதுலேர்ந்து நீங்க இதைச் சொல்லத்தான் வந்தீங்களா? நான் உங்களை ஒரு வார்த்தை பேச விடலையே. மன்னிச்சுக்குங்க. மூணு மணி நேரமா உங்க எடத்துல உக்காந்துட்டு உங்களுக்கே எடம் காட்டிட்டு இருந்திருக்கேன். வாங்க, நீங்க இங்க வாங்க. இல்ல, வாங்க. உங்க பேரு கூட நான் கேக்கல பாருங்க. என்னது? தங்கராசுங்களா. சரிங்க, தங்கராசு.

இப்ப டி ஏழுன்னு எழுதறதா, டி எட்டுன்னு எழுதறதா? எழுதினா அவ எப்பப் பாப்பா? ஸ்டேசனுக்குக் கெளம்பிட்டான்னா வீட்ல இருக்கற மிஷினை யாரு பாப்பா?

ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான். போன் பண்றேன்.

அடிக்குதுங்க. ரிங் போகுது. எடுக்கமாட்டாளோ என்னமோ.

ஹலோ. கண்ணு… அப்பாதான்… ம், வண்டிலதான் இருக்கேன். டி ஏழு. இல்ல இல்ல, டிக்கெட்டு டி ஏழு, உக்காந்திருக்கறது டி எட்டுல, தப்பா ஏறிட்டேன்… சிரிக்காத… அழுகறயா சிரிக்கறயா? அம்மிணி, நான் அந்த வரியெல்லாம், சத்தியமா…

சரி. சரி கண்ணு. நான் பேசல.

சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு, பல்லு வலிலேர்ந்து சொல்லு. அப்பா கேட்டுட்டிருக்கேன்.